ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய இன்ஷுரன்ஸ்

தப்பு என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல வசதியாக இருக்கும்.

வளைகுடாவில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். போன வருஷம்தான் ஒரேயடியாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான கருங்கலுக்குத் திரும்பி வந்தார். சபையில் மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்தபோது அவர் இல்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோது இல்லை. நர்சிங் காலேஜில் கொண்டு சேர்த்ததும் நான்தான். அதே மகளுக்கு இப்போது வளைகுடாவில் வேலை கிடைத்திருந்தது. "திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு என் பிள்ளைய நான்தான் கொண்டு விடுவேன். வாடக வண்டியில ஏத்தி அனுப்ப மாட்டேன், கேட்டியா?" என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த ஒரு பயணத்துக்காகத்தான் கார் வாங்கினார் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

நெய்யாற்றின்கரையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் பழைய கார் கிடைத்தது. கேரளா நம்பர். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்ற வேண்டும், அதற்கு நாளாகும். அதுவரை ஆர்.சி. வாத்தியார் பெயரில்தான் இருக்கும். எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கல்யாணப் புடவைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் எல்லை தாண்டிப் போய் வருகிற ஜனங்கள் நாங்கள். களியக்காவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம் என்பதே பஸ்ஸின் போர்டைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும்.

வண்டியின் பழைய இன்ஷுரன்ஸ் அந்த வார வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. புதியது எடுக்க ஏஜென்ட் பையன் முன்கூட்டியே வீட்டுக்கு வந்தான். "அக்கா, சனிக்கிழமையிலேருந்தே போட்டிரட்டா?" என்று கேட்டான்.

"வேண்டாம்டே, ஞாயித்துக்கிழமையிலேருந்து போடு. ஆராதன முடிஞ்சு போதகர் ஜெபம் பண்ணின பெறவுதான் வண்டி வெளிய எறங்கும்" என்றேன். எங்கள் சபையில் புது வண்டி வாங்கினால் அப்படித்தான். பழைய வண்டியானாலும் நமக்குப் புதுசுதானே. ஜெபம் ஆகாமல் ஓட்ட மாட்டோம். ஓடாத வண்டிக்கு ஒரு நாள் இன்ஷுரன்ஸ் எதற்கு? பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருபது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இந்தக் கணக்குகூடத் தெரியாதா என்ன! அவன் தலையைச் சொறிந்துகொண்டே எழுதினான்.

மகளுக்குத் திங்கட்கிழமை டிக்கெட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது: பயணத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள், நாளை மதியமே விமானம், விட்டால் இந்த வேலை கிடையாது. அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் தலை கால் புரியவில்லை. நான் முந்திரிக்கொத்துப் பலகாரத்தைப் பொதிந்தேன், அவள் பெட்டியை எடை போட்டாள், அவர் போதகருக்குப் போன் செய்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பாவம் அந்த மனுஷன் பல் விளக்கிய கையோடு வந்து, பானட்டில் கை வைத்து நல்ல நீளமாக ஜெபம் பண்ணினார். ஜெபத்தை ஒரு நாள் முன்னால் இழுத்தோம். இன்ஷுரன்ஸை இழுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

களியக்காவிளை தாண்டி இரண்டு வளைவுகூட ஆகவில்லை, கேரளா வண்டிப் பரிசோதனை அதிகாரி கை காட்டினார். போனில் நம்பரைத் தட்டிப் பார்த்தார். நான் பெருமையாகப் பையிலிருந்து இன்ஷுரன்ஸ் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சேச்சி, இது நாள முதலாணல்லோ. இன்னு?"

காகிதம் நாளையிலிருந்துதான். இன்று என்ன நாள்? சனி. இந்த ஒரே ஒரு நாளைத்தான் நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "சாரே, பிள்ளைக்கு ஒண்ணரைக்கு ஃப்ளைட்டு. விட்டுட்டு ஓடி வந்திருதேன். பெறவு என்ன வேணும்னாலும் செய்யுங்க."

"நான் விட்டு, நீங்க போற வழியில ஒருத்தன இடிச்சா அவன் குடும்பத்துக்கு ஆரு பதில் பறயும்?" என்று அவர் தமிழும் மலையாளமுமாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். ஆர்.சி.யும் வேறொருவர் பெயரில் இருந்ததால், வாத்தியார் நேரில் வரும்வரை ஓட்டி வந்தவர் அங்கேயே இருக்க வேண்டும் என்றார். பிறகு அவரே நடுரோட்டில் இறங்கி நின்று, திருவனந்தபுரம் போகிற காலி டாக்ஸி ஒன்றை மறித்து, "மோளே, வேகம் கேறு" என்று மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவரை எப்படி வையச் சொல்கிறீர்கள்?

என் வீட்டுக்காரர் பெட்டிகளைத் தூக்கி டாக்ஸியின் டிக்கியில் வைத்தார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, நீங்க வரல்லியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "பெல்ட்டப் போடு மக்ளே" என்றார். எனக்கு அந்த நிமிஷம் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான்தான் அவளோடு ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே நின்றார்.

விமானம் கிடைத்தது. அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கியபோது மணி நாலு. வாத்தியார் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நாளை காலை எடுத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து பெட்ரோல் பங்கில் காரை நிறுத்த அந்த அதிகாரியே இடம் சொல்லிக் கொடுத்திருந்தார். இவர் எதிர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து சாயா தவிர ஒன்றும் குடித்திருக்கவில்லை.

வரும் வழியெல்லாம் அவர் என்னைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். திட்டட்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

கையிலிருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, அந்த டாக்ஸி போன பெறவு எனக்கு எங்க போகணும்னே தெரியல்ல. ஒவ்வொரு வாட்டியும் நான் போவும்போ நீ இப்படியா நின்னே?"

பத்தொன்பது வருஷமாக இதை அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"இப்படித்தான் நின்னேன்" என்றேன். "இடுப்புல பிள்ளையும் இருந்துது."