கைகாட்டியை நம்பிய காலை

காலை எட்டு இருபது. தொண்ணூறுகளின் கடைசி, எங்கள் பக்கம் அகல ரயில்பாதை வந்து, ரயில்களில் பெட்டிகள் கூடியிருந்த சமயம். விளாங்குடியைத் தாண்டி நாங்கள் குடியிருந்த இடத்தில் ஒரு ரயில்வே கேட். பிளஸ் டூ படித்த மகளைச் செய்முறைத் தேர்வுக்கு மொபெட்டில் அழைத்துப் போனேன். கேட் மூடியிருந்தது.

எங்கள் பகுதிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்டைப் பார்க்கமாட்டோம்; ரயில் வரும் பக்கம் சற்றுத் தள்ளி நிற்கும் கைகாட்டி சிக்னலைத்தான் பார்ப்போம். அதன் கை கிடையாக நீட்டியிருந்தால் ரயில் அங்கேயே நின்றுவிடும் என்று, கேட்டுக்கு அடியில் குனிந்து போய்விடுவோம். மகளுக்குச் சின்ன வயதிலேயே இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

அன்றும் கை நீட்டியிருந்தது.

"வேணாம்மா, ரயில் சத்தம் கேக்குது."

"கேக்கட்டும். அங்கனயே நின்னுரும். நீ பின்னாடி தள்ளு."

கேட்டுக்கு அடியில் மொபெட்டைச் சாய்த்து நுழைத்துத் தள்ளினோம்; தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்தால், வளைவு திரும்பிய ரயில் சக்கரங்கள் கிறீச்சிட, தீப்பொறி பறக்க, கைகாட்டியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அப்போதும் நின்றுவிடும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளோ மொபெட்டின் பக்கப் பெட்டியைத் திறந்து தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டை எடுக்கப் பார்த்தாள். சடையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் ஜல்லியில் விழுந்தோம். ரயில் மோதித் தூக்கியெறிந்த மொபெட் அவள் முழங்காலில் வந்து விழுந்தது.

கேட்டையும் தாண்டித்தான் ரயில் நின்றது. என் மடியில் அவள் முனகிக்கொண்டிருந்தாள். கேட்கீப்பர் ஆட்டோ பிடிக்க ஓடினார். இன்ஜினிலிருந்து இறங்கி ஓட்டுநர் வந்தார். சக்கரத்துக்கு அடியில் பார்க்கப் பயந்து என் முகத்தையே பார்த்தார்.

"பிள்ள உசுரோட இருக்காம்மா?"

மடியில் மகளைக் கண்டதும் ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை.

"வளைவு திரும்புனாத்தாம்மா கையே தெரியுது. பாத்ததும் பிரேக்கப் போட்டுட்டேன். கரி இன்ஜின் காலத்துல, நாலஞ்சு பெட்டிக்கு நட்ட கம்பம் அது. இம்புட்டு வெயிட்ட வச்சுக்கிட்டு அந்தத் தூரத்துல எப்படிம்மா நிப்பாட்டுவேன்? அந்தக் கை எனக்கு. ஒங்களுக்கு இந்தக் கேட்டுதானம்மா."

முழங்காலை மடக்க முடியாத மகள், இன்றும் விசேஷ வீடுகளில் எல்லோரும் தரையில் உட்காரும்போது நாற்காலி தேடுவாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம் அப்போதெல்லாம் என் எதிரில் வந்து நிற்கிறது.