லமாரா அறிந்த முதுகுகள்

லமாராவுக்கு முகங்கள் நிற்பதில்லை. தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால், யாரென்று தெரியாமலே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஆனால் ஒரு முதுகை ஒருமுறை தேய்த்துவிட்டால் போதும், பத்து வருஷம் கழித்தும் அது யாருடையது என்று சொல்வாள். திபிலிசி நகரத்தின் கந்தக வெந்நீர்க் குளியல் வீடுகளில் ஒன்றில் முப்பத்தொரு வருஷமாக அவளுக்குத் தேய்ப்பு வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்மா துண்டு துவைத்த இடத்துக்கே வேலைக்கு வந்தவள். அவள் கூச்சத்துக்கு ஏற்ற வேலை அது. நீராவிக்குள் யாரும் தேய்ப்பவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவளும் பேச வேண்டியதில்லை. கல்மேடையில் கண்டது கல்மேடைத் தண்ணீரோடு போகட்டும் என்பது தேய்ப்பவர்களின் சட்டம். லமாரா அதை ஒருநாளும் மீறியதில்லை.

அக்டோபரில் நகரத் திருநாள் வந்தது. மேடைகளில் முரசும், தெருவெல்லாம் புதுத் திராட்சைச் சாற்றின் வாடையுமாக, திராட்சை விளையும் ககேத்திப் பக்கத்து ஊர்சனம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. வந்தவர்கள் வெந்நீரில் ஊறாமல் திரும்புவதில்லை. மத்தியானம் நாலாம் நம்பர் அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். பருத்த உடம்புக்காரி சியாலா. அவளோடு தேக்லா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண். சியாலாவின் மகன் பெசோ வாசல்வரை வந்தான். கையில் பச்சை எலுமிச்சைப்பான பாட்டில் மூன்று.

"அக்கா, அம்மாவை நல்லாப் பாத்துக்குங்க. முட்டி வலிக்குதுங்கறாங்க. ஒரு மணி நேரத்தில நான் வந்து தட்டறேன்."

மிருதுவான குரல். கதவைச் சத்தமே வராமல் சாத்தினான்.

உள்ளே வந்ததும் சியாலா வேலையை ஆரம்பித்தாள். "அந்தக் காலத்தில மாமியாருங்க பொண்ணைக் குளியல்லதான் பாப்பாங்க. துணியில எந்தக் கூனையும் மறைச்சுரலாம்ல. என்னடி வெக்கம், நானும் பொம்பளைதான். தேய்க்கிறவளே, நீ சொல்லு. முதுகு நேரா இருக்கா?"

"நேரா இருக்கு," என்றாள் லமாரா.

"இடுப்பு?"

"குதிரை வாங்க வந்திருக்கீங்களா அத்தை? பல்லையும் காட்டட்டுமா?" என்றாள் தேக்லா, கல்மேடையில் குப்புறப் படுத்தபடியே.

சியாலா வயிறு குலுங்கச் சிரித்தாள். "வாய்தான் கொஞ்சம் நீளம். எம்மவன் வாயே திறக்க மாட்டான், பொருத்தம்தான்."

"முதல்ல இருந்த மருமக பேசுவாங்களா?"

"அவளா? இத்தாலிக்குப் போயிட்டா. கிழவிங்களைப் பாத்துக்கிற வேலை. போனவ போனவதான், அவ பேச்சு எதுக்கு?"

லமாரா முரட்டுக் கையுறையை மாட்டித் தேய்த்தாள். தேக்லாவின் முதுகு சுத்தமான முதுகு. இடது தோளில் சின்ன வயதுத் தடுப்பூசித் தழும்பு, அவ்வளவுதான். அழுக்கு சுருள் சுருளாக உருண்டு வந்தது. பிறகு சோப்பில் தோய்த்த துணி நுரைப்பையை ஊதி, அவளைக் கழுத்துவரை வெள்ளையாக்கி, வாளித் தண்ணீரை ஊற்றி, தொட்டிக்குள் அனுப்பினாள்.

"அவ்லாபார்ல இருக்கிற எங்க சித்தியையும் கூப்பிட்டிருக்கலாம்," என்றாள் தேக்லா தண்ணீருக்குள்ளிருந்து. "ஆத்தைத் தாண்டினா அவங்க வீடு. வரேன்னுதான் சொன்னாங்க."

"கூட்டம் எதுக்கு," என்றாள் சியாலா.

அவள் இன்னும் உடம்பைச் சுற்றிய துப்பட்டியை அவிழ்க்கவில்லை. அந்தச் சூட்டில் தோள்வரை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தேய்ப்பு வேண்டாம், முட்டியை நனைத்தால் போதும் என்றாள். தேக்லா விடவில்லை. "என்னை உரிச்சுப் பாத்தீங்கல்ல, இப்ப உங்க முறை. படுங்க."

சியாலா கடைசியில் துப்பட்டியைத் தள்ளிவிட்டு, கைகளை மார்புக்கடியில் மடக்கிப் படுத்தாள்.

லமாராவின் கை நின்றது. வலது தோள்பட்டைக்குக் கீழே மாதுளை இலை மாதிரி ஒரு தீத்தழும்பு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், இதே திருநாளில், இதே கல்லில் இந்த முதுகு கிடந்தது. அன்று கூட வந்தது இர்மா என்ற மருமகள். இர்மாவின் இரண்டு மேல்கைகளிலும் முன்பக்கம் நாலு கருநீலத் தடம், பின்பக்கம் ஒன்று. 'திராட்சைமது பீப்பாய் உருண்டு இடிச்சுருச்சு' என்றாள் அன்றைக்குச் சியாலா. லமாரா அந்த இடங்களைத் தொடாமல் தேய்த்தாள். மாமியார் தொட்டியில் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, இர்மா முணுமுணுத்தாள்: "அங்கயும் தேய்ங்க அக்கா. போகுதான்னு பாக்கலாம்."

லமாரா தேய்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை. சட்டப்படி எல்லாம் தண்ணீரோடு போனது. ஆனால் அன்றிலிருந்து இலையுதிர் காலம் வந்தால் அவளுக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வரும்.

இப்போது முதுகைத் தேய்த்து முடித்து, சியாலாவின் கையை மெல்ல வெளியே இழுத்தாள். சியாலா விறைத்தாள். "கை வேணாம்."

கை ஏற்கனவே வெளியே வந்திருந்தது. முன்பக்கம் நாலு, பின்பக்கம் ஒன்று. பழசு மஞ்சளாகவும் புதுசு நீலமாகவும், ஒன்றின்மேல் ஒன்று.

இர்மா போனபின் அந்த வீட்டில் அடிவாங்க மிச்சமிருந்தது யார் என்று லமாராவுக்குப் புரிந்தது. இந்தப் பெண்ணை இவ்வளவு அவசரமாக எதற்குத் தேடுகிறார்கள் என்பதும் புரிந்தது.

தொட்டியில் தேக்லா ஏதோ கல்யாணப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். கதவு தட்ட இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கும். லமாரா நுரைப்பையை ஊதினாள். சியாலாவின் முதுகும் கைகளும் நுரைக்குள் மறைந்தன. சியாலா மூச்சை விட்டாள்.

"பொண்ணே, இங்க வா," என்றாள் லமாரா. தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. "மருமகளா வரப்போறவ மாமியாருக்குக் கடைசித் தேய்ப்புத் தேய்க்கணும். வழக்கம்."

"அப்படி ஒரு வழக்கமா? நான் கேட்டதில்லையே," என்றாள் சியாலா.

"நகரத்து வழக்கம்."

தேக்லா சிரித்துக்கொண்டே ஏறி வந்து கையுறையை மாட்டிக்கொண்டாள். லமாரா வாளியை எடுத்து ஒரே வீச்சில் ஊற்றினாள். நுரை வழிந்து சாக்கடைக்குள் போனது. கைகள் தெரிந்தன.

சிரிப்பு அடங்கியது. "அத்தை, இது என்ன?"

"பீப்பாய் உருண்டுச்சு. அறுவடை நேரம்ல."

லமாரா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டு வருஷத்துக்கு முந்தியும் அதே பீப்பாய்தான் இடிச்சுது. இர்மாவை. அதே இடத்தில."

குழாயிலிருந்து வெந்நீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. தேக்லா கையுறையைக் கழற்றினாள். தன் நாலு விரல்களை அந்த நாலு தடங்களின்மேல் வைத்தாள், கட்டைவிரலைப் பின்னால் கொண்டுபோனாள். தடங்கள் அவள் விரல்களைவிடப் பெரியவை. கையைச் சுட்டதுபோல எடுத்தாள்.

"உள்பக்கம் துண்டு வைக்கிற அறைக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு," என்றாள் லமாரா. "சந்து வழியா ஆத்துக்குப் போகும். பாலம் தாண்டினா அவ்லாபார்."

தேக்லா ஈரத்தோடே உடையை மாட்டினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். போகும்போது சியாலாவைத் திரும்பிப் பார்த்தாள். சியாலா அவளைப் பார்க்கவில்லை, தடுக்கவுமில்லை. பின்கதவு திறந்தபோது ஒரு நொடி முரசுச் சத்தம் உள்ளே வந்தது. பிறகு அடங்கிவிட்டது.

சியாலா எழுந்து உட்கார்ந்தாள். துப்பட்டியைத் தேடவில்லை. "நல்ல காரியம் பண்ணிட்டே," என்றாள். கோபம் இல்லாத குரல். "இப்ப நான் எப்படி வெளிய போவேன்?"

"இர்மா இத்தாலிக்குத்தான் போனாளா?"

"எங்கயோ போனா. உசிரோட போனா. நான்தான் ராத்திரி பஸ் ஏத்திவிட்டேன். அதுக்குத்தான் இது." கையைக் காட்டினாள். "புதுசா ஒருத்தி வந்தா மாறிருவான்னு நெனச்சேன். இல்ல. அப்படி நெனக்கலை. என்னை விட்டுருவான்னு நெனச்சேன்."

"நீங்களும் அந்தக் கதவு வழியாவே போகலாம்."

"பெத்தவ எந்தக் கதவு வழியாப் போறது, சொல்லு."

லமாரா அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் வாளியை எடுத்தாள். அந்தத் தண்ணீர் யார் தலையில் விழுகிறது என்று பார்த்திருக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, மெதுவாக.

"அம்மா, நேரமாச்சு."

வழக்கமாக மூன்றாம் தட்டில் லமாரா போய்த் திறந்துவிடுவாள். இப்போது அசையவில்லை. "இன்னும் கால் மணி ஆகும் தம்பி," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "பொண்ணுக்கு நுரை போட்டுக்கிட்டிருக்கேன்."

"பரவாயில்ல அக்கா. நிக்கிறேன்."

அவள் சியாலாவை மறுபடி படுக்கவைத்தாள். நுரைப்பையை ஊதி, அந்தக் கைகளின்மேல் பிழிந்தாள். நுரை வந்தது, தடங்கள் மறைந்தன. இரண்டு பெண்களும் கதவையே கவனித்தார்கள்.

"தேக்லா?" என்றான் பெசோ வெளியிலிருந்து. அதே மிருது. "தேக்லா, தாகமா இருக்கா? பாட்டில் வச்சிருக்கேன்."

நுரை அடங்க ஆரம்பித்தது. லமாரா மறுபடி ஊதினாள்.

"தேக்லா, ஒரு வார்த்தை பேசேன்."

அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே மாட்டியிருந்தது ஒரு சின்ன இரும்புக் கொக்கி மட்டும். முப்பத்தொரு வருஷக் கந்தக நீராவியில் துருப்பிடித்த கொக்கி அது. லமாரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மூன்று பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கொக்கி மெல்ல ஆடியது.