சித்தப்பாவின் பின்சீட்டு

வெயிலில் சூடேறிய ரெக்சின் உறைக்குள்ளிருந்து தேங்காய் நாரும் பெட்ரோலும் கலந்து எழுகிற வாசனை ஒன்று உண்டு. மாசி பிறப்பதற்குச் சற்று முன்னால், ஆண்டுதோறும் அந்த வாசனை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வந்து குடியேறும். கூடத்துச் சுவரோரம் எங்கள் கறுப்பு பியட் காரின் பின்சீட்டு கிடக்கும். நானும் அக்கா வசந்தாவும் ஏறிக் குதித்தால் உள்ளிருக்கும் சுருள்கம்பிகள் முனகும். "சீட்டு எறங்கிருச்சு" என்று அம்மா அடுக்களையிலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னால், சித்தப்பா பந்தயத்துக்குக் கிளம்பப் போகிறார் என்று பொருள்.

திண்டுக்கல்லில் புகையிலை மண்டி வைத்திருந்த என் தந்தைக்கு ரத்தினவேல் சித்தப்பா ஒரே தம்பி. சென்னைக்கு வடக்கே யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்றில், அன்றாடம் வீட்டு வாசலில் நிற்கிற சாதாரணக் கார்களையே எடை குறைத்து, எஞ்சினைத் தீட்டி ஓட்டுகிற பந்தயம் நடக்கும். அதற்காகப் பேகம்பூரில் பட்டறை வைத்திருந்த காதர் பாய், பின்சீட்டு, பம்பர், வானொலிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார். மற்றவை பட்டறையில் தங்கும். சீட்டில் எலி புகுந்துவிடும் என்று அது மட்டும் வீட்டுக்கு வரும்.

சித்தப்பா பழகிய இடம் சாணார்பட்டிச் சாலை. தை மாதத்தில் கொள்ளு பிடுங்குகிறவர்கள், போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள் மிதித்துக் காய் உடையட்டும் என்று செடிகளைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். உலர்ந்த கொள்ளுச் செடியின் மேல் ஏறிய சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பே இருக்காது; பேருந்து ஓட்டுநர்கள் திட்டிக்கொண்டே ஊர்ந்து செல்லும் அந்த இடத்தில் சித்தப்பா வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுவார். கார் பக்கவாட்டில் வழுக்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்புறமாக ஒரு பிடி திருப்பி அதை நேராக்குவார். ஒரு முறை நான் முன்சீட்டில் இருந்தேன். கொள்ளு பரப்பிய பெண்கள் பயந்து ஒதுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ கையாட்டி நிறுத்தி, "ஏ அப்பு, இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டுப் போ. மாடு கட்டி மிதிச்சா மத்தியானம் ஆயிரும்" என்றார்கள். சித்தப்பா பத்துச் சுற்றுச் சுற்றினார்.

அவர் முதன்முதலில் வென்ற ஆண்டில், காலம் தப்பிய மழை ஒன்று ஓடுதளத்தை நனைத்துவிட்டதாம். பெரிய வீட்டுப் பிள்ளைகளின் கார்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று புல்லில் போய் நிற்க, எங்கள் பியட் மட்டும் சறுக்கிச் சறுக்கி முன்னேறியிருக்கிறது. கூடப் போயிருந்த காதர் பாய் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று, "கொள்ளுல நிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத் தண்ணில நிக்கத் தெரியாதாக்கும்?" என்று சிரித்தார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சித்தப்பாவே சாம்பியன். மூன்று கோப்பைகளையும் அப்பா மண்டிப் பரணில் ஏற்றிவிட்டார். "நாம டிரைவர் வைக்கிற குடும்பம். டிரைவராகுற குடும்பம் இல்ல" என்பது அவருடைய தீர்ப்பு. அந்த வாக்கியத்தைக் குடும்ப கௌரவத்தின் இலக்கணமாகவே நான் மனப்பாடம் செய்தேன்.

நான்காவது ஆண்டு, சீட்டு கூடத்துக்கு வந்த மறு வாரம், அக்காவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். சீட்டைத் திருப்பிப் பொருத்த நேரமில்லாமல், அம்மா அதன் மேல் ஒரு சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை விரித்து மூடியிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் அதில் அமர்ந்ததும் கம்பிகள் முனகின. "இதென்ன, சோபா புதுமாதிரியா இருக்கு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், பதினொரு வயதான நான் முந்திக்கொண்டேன்.

"சோபா இல்ல, எங்க சித்தப்பா கார் சீட்டு! சித்தப்பா ரேஸ் காரு ஓட்டுவாக. மூணு வருசமா அவுகதான் சாம்பியன்!"

மாப்பிள்ளையின் பெரியப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப டிரைவருன்னு சொல்லு" என்றார். வந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து ஆள் வந்தது. பெண் பிடித்திருக்கிறது, ஆனால் சித்தப்பா அந்தப் பிழைப்பை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அப்பா பூசை அறையில் தட்டில் கற்பூரம் ஏற்றிவிட்டுத் தம்பியை அழைத்தார்.

"அண்ணே, இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு. இந்த ஒரு பந்தயத்தை மட்டும் ஓட்டிட்டு விட்டுர்றேன்."

"வசந்தா கழுத்துல தாலி ஏறணுமா, ஒங் கழுத்துல மாலை விழணுமா? நீயே சொல்லு."

சித்தப்பா உள்ளங்கையை விரித்து, எரிகிற கற்பூரத்தை அழுத்தி அணைத்தார். பிறகு கூடத்துக்கு வந்து, இருவர் தூக்குகிற அந்தச் சீட்டை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சென்று காரில் பொருத்தினார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மணமக்களை மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய ஓட்டுநருக்குக் காய்ச்சல் கண்டதால் சித்தப்பாவே ஓட்டினார். அக்காவும் அத்தானும் அதே பின்சீட்டில் அமர்ந்து சென்றார்கள். மாப்பிள்ளை வீட்டு விருந்தில் முதல் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். அப்பாவும் அவர் பக்கத்தில் நானும் அமர்ந்தோம். வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியும் கையுமாக உள்ளே வந்த சித்தப்பாவை, இடுப்பில் துண்டு கட்டிப் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த ஒருவர் மறித்தார்.

"டிரைவர்மாருக்கெல்லாம் கடைசிப் பந்தி. செத்த நேரம் வெளிய நில்லுங்க."

அப்பாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். துடைத்த இலையையே மறுபடியும் துடைத்தார். எங்கள் கூடத்தில் யாரும் என்னைக் கேட்காமலே அவ்வளவு பேசிய எனக்கு, "அவுக எங்க சித்தப்பா" என்ற மூன்று சொற்கள் அன்று வாயில் வரவில்லை. சித்தப்பா எங்களை ஒரு முறை பார்த்தார். பின்பு வெளியே போய் மற்ற ஓட்டுநர்களோடு வேப்பமரத்தடியில் நின்றார்.

அதற்குப் பின் அவர் மண்டிப் பக்கம் வரவேயில்லை. பழனிக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்கிற வேன் ஒன்றை முப்பது ஆண்டுகள் கூலிக்கு ஓட்டினார். டிரைவராகக் கூடாது என்று நாங்கள் தடுத்த மனிதரை டிரைவராக்கியவர்களும் நாங்களே. கற்பூரத்தில் செய்த சத்தியத்தை மட்டும் அவர் மீறவில்லை. அவருடைய வேனில் போனவர்கள், கட்டை வண்டிகூட முந்திப் போகும் என்று கேலி பேசுவார்கள்.

சென்ற ஐப்பசியில் சித்தப்பா மறைந்தார். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "புகையிலை வணிகர்" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் எங்கள் சுற்றுச்சுவரில் வேறொரு சுவரொட்டி இருந்தது. மழையில் நனைந்த கறுப்பு பியட்டின் மேல் சாய்ந்து, கழுத்தில் மாலையோடு, பல் தெரியச் சிரிக்கிற இளைஞர் ஒருவரின் படம். கீழே "நம்ம ஊரு சாம்பியன்" என்ற வரி. அதை ஒட்டிய காதர் பாயின் மகனை வரவழைத்து, எடுத்துவிடும்படி சொன்னேன். அவர் வாதாடவில்லை.

"எடுத்துர்றேம்மா. பேகம்பூர்ல ஒட்டிக்கிர்றோம். அங்க அவர எல்லாருக்கும் தெரியும்."

சாணார்பட்டிச் சாலையில் பரப்பிய கொள்ளை நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கார் பழைய இரும்புக்குப் போனது. பரணோடு சேர்ந்து கோப்பைகளும் போயின. எங்கள் வீட்டு ஆல்பங்களைச் சென்ற வாரம் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சித்தப்பா காரோடு நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. அது அந்தச் சுவரொட்டியில் மட்டும்தான் இருந்தது. கிழித்த இடத்தில் பசையோடு ஒட்டிய அதன் நான்கு மூலைகள், இரண்டு முறை சுண்ணாம்பு அடித்த பின்னும் எங்கள் சுவரில் தெரிகின்றன.