விஜயதசமியன்று அமுக்கிய பொத்தான்

எங்கள் நிறுவனத்தில் லினக்ஸுக்கு ஓசி என்று பெயர். வைத்தவர் முதலாளி. பட்டுச் சேலைக் கடை பிரைவேட் லிமிடெட் ஆன மாசி மாதத்தில், சர்வரையும் மேசைக் கணினிகளையும் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு எடுத்தார். எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம் என்று சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்கப் போனேன்.

“ஓப்பன் சோர்ஸ்ங்க ஐயா. காசு கெடையாது.”

“அப்ப ஓசின்னு சொல்லேம்பா.”

“அது மட்டும் இல்லீங்க. உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யார் வேணாலும் தொறந்து பாக்கலாம்.”

“யார் வேணாலும் தொறக்கலாமா?” அவர் முகம் மாறியது. “இன்னா பேஜார்பா இது. மொதல்ல ஒரு பூட்டு வாங்கிப் போடு.”

கணக்குப் பிரிவு மொத்தமும் சிரித்தது. அன்றிலிருந்து ஓசி சர்வர், ஓசி கம்ப்யூட்டர். ஓசியில் வந்த பொருளுக்கு என்ன மரியாதை உண்டோ அதுவே அவற்றுக்கும் கிடைத்தது. சர்வரை மாடிப்படிக்குக் கீழே, சேலைகளுக்கு இஸ்திரி போடும் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு பிளக் வேண்டுமென்றால் சர்வரின் பிளக்கைப் பிடுங்குவார்கள். கேட்டால், “அஞ்சு நிமிசந்தான, அதுக்கு இன்னா இப்போ?” என்பார்கள்.

மேசைக் கணினிகளைப் பற்றிச் சொல்லவே கூசுகிறது. கணக்குப் பிரிவின் கீபோர்டு ஒன்றைத் தலைகீழாகத் தட்டினால் காராபூந்தி, தலைமுடி, ஜரிகைத் துணுக்கு, வெட்டிப் போட்ட நகம் எல்லாம் விழும். வெட்டியது பெருவிரல் நகம். கையிலிருந்து வந்ததா காலிலிருந்து வந்ததா என்று நான் ஆராயவில்லை. ஒரு கணினி சூடேறி நின்றுபோக, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். விசிறியின் மேல் பல்லி ஒன்று காய்ந்து தட்டையாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கணினியின் சொந்தக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஓசின்னா அப்படித்தான்” என்றார்.

சுத்தமான கணினி ஒன்றே ஒன்று இருந்தது. அது டிசைன் அறையில் இருந்தது. அங்கே வேலை செய்தவர் நான் அக்கா என்று கூப்பிடும் வயதுக்காரர். போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கரையும் முந்தானையும் வரைவது அவர் வேலை. திரையில் கட்டம் கட்டமாக வரைவார்; ஒரு கட்டம் ஓர் இழை. அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். அவர் வரைந்த முதல் கரையே கல்யாண முகூர்த்தங்களில் நன்றாக ஓடியது. அதனால் அவருக்குக் கைராசி உண்டு என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். புதுத் தறி ஏற்றினாலும் புது ஷோகேஸ் வந்தாலும், “அந்தம்மாவ கூப்புடு, கை வைக்கட்டும்” என்பார். அதே கை எப்படிக் குற்றவாளியின் கை ஆனது, அந்தக் கறையைத் துடைக்க அவர் என்ன பாடுபட்டார் என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து டைரக்டராக வந்தார். வந்ததும் கழுத்துக்கு அடையாள அட்டை, வாசலுக்குக் கண்ணாடிக் கதவு, திங்கட்கிழமை தோறும் மீட்டிங். புரட்டாசி பிறந்த வாரத்தில் பெரிய கடைக்காரர் ஒருவர் கொள்முதலுக்கு வந்து டிசைன் அறையை எட்டிப் பார்த்தார். திரையைக் காட்டி, “இது என்ன, புதுசா இருக்கே?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் மருமகனுக்கு முகம் செத்துவிட்டது.

“மாமா, பாக்கறவன் சிரிக்கிறான். ஓசியத் தூக்கிட்டு ஒரிஜினல் போடணும்.”

ஒரிஜினல் என்றால் விண்டோஸ், கூடவே விலை உயர்ந்த ஒரு டிசைன் மென்பொருள். உண்மையான விலையைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மருமகன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலூரில் ஒரு கடைக்காரரைப் பிடித்தார். அவர் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் வைத்திருந்தார். பூட்டை உடைத்த மென்பொருள். அது ஓடவேண்டும் என்றால் வைரஸ் தடுப்பை முதலில் அணைக்க வேண்டும்.

“இது திருட்டுங்க சார்,” என்றேன்.

“காசு குடுத்துத்தானே போடறோம்? திருட்டு எப்படி ஆவும்? ஊரே போட்டுகினு இருக்குது.”

முதலாளியிடம் போனேன். அவர் அப்போது ஒரு நெசவாளியைத் திட்டிக்கொண்டிருந்தார். முந்தானை ஜரிகையை நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே சிவப்புப் பட்டு இழை இல்லை என்று கண்டுபிடித்திருந்தார். “இன்னா ஜரிக இது? என்கிட்டயே போலிய குடுக்கிறியா?” என்று சேலையை நெசவாளியின் மடியில் வீசினார். நெசவாளி போனதும் நான் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “மாப்ள படிச்சவரு, அவருக்குத் தெரியாதா? போப்பா,” என்றார். நகத்தில் ஒட்டியிருந்த ஜரிகைத் தூளை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த அருவருப்பு, பல்லியைச் சுரண்டிய நாளில்கூட எனக்கு வரவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. கத்தரிக்கோல், முழக்கோல், நாடா, பில் போடும் கருவி எல்லாம் சாமி படத்தின் முன் வைக்கப்பட்டன. திரைகளுக்குச் சந்தனப் பொட்டு. கீபோர்டுகளில் பொரி. சர்வரின் காற்றுத் துளைகளில் ஒரு கைப்பிடி குங்குமம். விசிறி அதை ஆவலாக உள்ளே இழுத்துக்கொண்டது. பூஜை வரிசையில் என் பேக்கப் டிஸ்க்கும் இருந்தது. இரவுதோறும் சர்வரில் உள்ள டிசைன்களை நகலெடுத்து வைக்கும் டிஸ்க் அது. இன்னொன்று கேட்டிருந்தேன், ஓசிக்கு எதுக்கு ரெண்டு என்று விட்டார்கள். அதனால் முந்தின நாள் நகலின் மேலேயே அடுத்த நாள் நகல் ஏறும்.

“ஐயா, இத ஏன் கழட்டுனாங்க?”

“சர்வர் அம்மாவத் தூக்க முடியல. அதான் புள்ளைய தூக்கினு வந்துட்டோம்,” என்றார் முதலாளி. “பூஜையில வெச்சத தொடாத. நாளைக்கு எடுத்து மாட்டிக்கலாம்.”

மறுநாள் விஜயதசமி. காந்தி ஜெயந்தியும் அன்றைக்கே. விடுமுறை என்பதால் நான் கண்ணமங்கலத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். புதிய காரியம் தொடங்க நல்ல நாள் என்று மருமகன் வேலூர்க்காரரை வரவழைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அக்காவைப் போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். “எங்க சபையில விஜயதசமி ஏதுங்க, எனக்கு லீவு மட்டும்தான்” என்று சொல்லியும் விடவில்லை. கார் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். டிசைன் அறைக் கணினியில் எல்லாம் ஏற்றி முடித்த வேலூர்க்காரர், திரையில் ஒரு கேள்வி வந்து நின்றதும் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். முதலாளி சூடம் காட்டினார். மருமகன், “ஆமான்னு இருக்கிறத அமுக்குங்க” என்றார். கைராசிக்காரர் அமுக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வந்தபோது டிசைன் அறையில் அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். “தம்பி, ஒண்ணும் தொறக்கல,” என்றார். சர்வரில் அவர் வரைந்து சேர்த்த கரைகள், உடலில் வரும் புட்டாப் பூக்கள், முந்தானைகள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ எழுத்துகள் முளைத்திருந்தன. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் திறப்போம். உடைத்த மென்பொருளுக்குள் உட்கார்ந்து வந்த வைரஸ், அவர் கணினி வழியாகச் சர்வரில் கைக்கெட்டியதையெல்லாம் பூட்டியிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். “எவன்யா இவன்? எந்த ஊரு? போன் நம்பர் போட்டிருக்கானா பாரு, பேசி முடிச்சிக்கலாம்.”

மருமகன் வேலூருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் நிதானமாக வந்தது: “நான் சரியாத்தான் சார் போட்டேன். கடைசியா அமுக்குனது அந்தம்மாதான?”

மருமகன் போனை வைத்தார். அக்காவைப் பார்த்தார். “பாத்து அமுக்கக் கூடாதாம்மா?”

“நீங்கதான சார் அமுக்கச் சொன்னீங்க?”

“சொன்னா? படிச்சுப் பாக்க மாட்டீங்களா?”

கணக்குப் பிரிவு கதவோரம் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பேச்சு தறிக்காரர்கள் வரை போய்விட்டது: டிசைன் அம்மா ஏதோ அமுக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டார். கைராசி போச்சு.

எனக்குப் பூஜை அலமாரி நினைவுக்கு வந்தது. டிஸ்க் அங்கேயே இருந்தது. மாட்ட யாருக்கும் நினைவில்லை. மாட்டியிருந்தால் வியாழன் இரவே பூட்டிய கோப்புகள் நல்ல கோப்புகளின் மேல் ஏறியிருக்கும். எடுக்கக் கை நீட்டினேன். “ராகு காலம், பன்னெண்டு தாண்டட்டும்” என்று முதலாளி தடுத்தார். கடையே நின்றுகிடக்க, நாங்கள் டிஸ்க்கின் எதிரே உட்கார்ந்து காத்திருந்தோம். பன்னிரண்டுக்கு மேல் எடுத்து, கேபிள் செருகும் வாய்க்குள் காய்ந்திருந்த சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் நோண்டினேன். அக்காவின் கணினியை அடியோடு அழித்துப் பழையபடி லினக்ஸ் ஏற்றினேன். சர்வரைத் துடைத்துச் சரிபார்த்து, சாயங்காலத்துக்குள் டிசைன்களைத் திருப்பிப் போட்டேன். ஒன்றும் போகவில்லை.

“பாத்தியா, சரஸ்வதி காப்பாத்திட்டா,” என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருமகன், நல்லவேளை நாம பூஜையில வெச்சோம் என்றார். நாம என்று சொன்னார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். “எல்லாம் கெடச்சிடுச்சு, சந்தோசம். என் மேல போட்ட பழி எந்த டிஸ்க்ல இருக்குது? அதையும் எடுத்துக் குடுங்க. நான் ஒண்ணும் பண்ணலன்னு எல்லாருக்கும் முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க.”

“விடும்மா, முடிஞ்ச கத,” என்றார் முதலாளி.

முடியவில்லை. மறு வாரம் டிசைன் அறையில் ஒரு கேமரா வந்தது. அவர் கையும் கீபோர்டும் தெரிகிற மாதிரி மேலே பொருத்தினார்கள். பொருத்தியவர் அதே வேலூர்க்காரர். பதிவை என் சர்வரில் சேமிக்க வேண்டும் என்று மருமகன் சொன்னார். முடியாது என்றேன். அவர் தன் மேசையிலேயே ஒரு பதிவுப் பெட்டி வைத்துக்கொண்டார். வைத்த அன்றே ஆர்வமாகப் பார்த்தார். ஒரு பெண் கட்டங்களுக்கு நிறம் போடுவதைப் பார்க்க என்ன இருக்கிறதோ.

அக்கா வேலையை விடவில்லை. மறுநாள் காலையில் வந்தார், கேமராவை அண்ணாந்து பார்த்தார், தறிக்கூடத்தில் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: “கம்ப்யூட்டர் போடறேன்!”

விற்பனைக் கூடத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

“மௌஸ தொடறேன்! இப்ப வலது பக்கம் ஒரு அமுக்கு! கரையில பச்ச கலர் போடறேன், ஐயா பாத்துகினு இருங்க!”

“கேமராவுல சத்தம் பதிவாகாது அக்கா,” என்று மெதுவாகச் சொன்னேன்.

“எனக்கு தெரியும் தம்பி. நீ போய் உன் வேலய பாரு. இருமப் போறேன்! இருமிட்டேன்!”

தீபாவளிக் கூட்டம் தொடங்கியிருந்தது. சேலை எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள், விசாரித்தார்கள். அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஒருவர் கேட்டார். கணக்குப் பிரிவில் ஒருவர் விவரத்தைச் சொல்ல, கேட்டவர் முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். மருமகன் ஒருமுறை வந்து, “மேடம், டிசிப்ளின்” என்றார். “டைரக்டர் சார் வந்திருக்காரு! பேசறாரு!” என்று அக்கா கேமராவுக்குச் சொன்னார். அவர் திரும்பிப் போய்விட்டார். அதற்கு அடுத்த சில நாட்கள் சென்னையில் வேலை இருக்கிறது என்று வரவே இல்லை.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கூடம் நிறைந்திருந்த நேரத்தில் முதலாளி டிசைன் அறை வாசலுக்கு வந்தார். “நீ ஒண்ணும் பண்ணலம்மா,” என்றார்.

“கேக்கலீங்க ஐயா.”

“நீ ஒண்ணும் பண்ணல.”

“அவங்களுக்கும் கேக்கணுமில்ல?” கணக்குப் பிரிவைக் காட்டினார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். “இந்தம்மா ஒண்ணும் பண்ணல! மாப்ளயும் வேலூர்க்காரனும் பண்ண வேல! போதுமா?”

“போதுங்க,” என்று சொல்லிவிட்டு அக்கா திரையின் பக்கம் திரும்பினார். அதன் பிறகு கேமராவிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேமராவை யாரும் கழற்றவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் கீபோர்டுக்கு மேலேயே காராபூந்திப் பொட்டலத்தை மறுபடி பிரித்தார்.