தாய்மாமன் லேயர்

எனக்கும் ஷமீமுக்கும் போன மாதம் ஒரு சண்டை. சாஃப்ட்வேர் சண்டை!

ஷமீம் கூனிமேட்டில், ஈ.சி.ஆர். ஓரமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். முன்னால் கம்ப்யூட்டர், பின்னால் பிரிண்டிங் மிஷின். கணவர் சவுதியில். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி... இந்தப் பக்கம் மரக்காணம் வரை முக்கால்வாசி பேனர் இவர் கையால்தான். நம் ஆட்களுக்குப் பிறந்தாலும் பேனர், போனாலும் பேனர். நடுவில் சும்மா இருந்தால் பிறந்தநாள் பேனர்!

எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு ஒரு சின்ன பேனர் வேண்டியிருந்தது. நானே மொபைல் ஆப்பில் டிசைன் செய்து எடுத்துப் போயிருந்தேன். டீ ஆறுவதற்குள் முடித்த வேலை. ரெடிமேட் டெம்ப்ளேட். தட்டினால் எழுத்து, இழுத்தால் படம். பெருமையாக போனை நீட்டினேன்.

ஷமீம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் சார் இருக்குது. போன வாரம் இதே டிசைன்ல ஒரு சிக்கன் பக்கோடா கடைக்கு அடிச்சுக் குடுத்தேன்.”

எனக்கு வந்ததே கோபம்! “உங்களோடது மட்டும் என்ன வாழுதாம்? இந்த அரதப்பழசு ஃபோட்டோஷாப்பை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு மாரடிப்பீங்க?” என்று ஆரம்பித்துவிட்டேன்.

நான் சொன்னதில் தப்பில்லை. அவருடைய கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் ஒரு சின்னத் தூக்கம் போடலாம். உப்புக்காற்றில் சி.பி.யு. பெட்டி துருப்பிடித்துக் கிடக்கிறது. கீபோர்டில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. ஷமீமுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. விரல் தானாகப் போய் உட்கார்கிறது.

“எனக்கும் இது மேல ஆசை இல்ல சார். ஹேங் ஆச்சுன்னா தூக்கிப் போட்டு உடைக்கலாம்னு வரும். ஆனா பாருங்க, நம்ம வேலையே தலை வேலை” என்றார்.

தலை வேலை என்றால், பேனரில் வரும் சொந்தக்காரர்களின் தலைகள். ஒவ்வொரு தலையையும் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து, தனித்தனி லேயராக அடுக்க வேண்டும். லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. ஒவ்வொரு தாளிலும் ஒரு தலை. பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் தலை மறையும். மறுபடி தட்டினால் வரும்.

“காலைல வந்து, ‘எங்க சித்தப்பன் தலையைத் தூக்கு’ம்பாங்க. சாயந்திரம் பஞ்சாயத்து முடிஞ்சதும், ‘சித்தப்பாவைப் போட்டுடு, பெரிசாப் போடு’ம்பாங்க. தூக்கிட்டேன்னா மறுபடி நான் எங்க சார் போவேன்? அதான் எதையும் அழிக்கறதில்ல. மறைச்சு வெச்சுடுவேன்.”

இது தொழில் தந்திரம்கூட இல்லை. மறுபடி வெட்டச் சோம்பல், அவ்வளவுதான் என்று அவரே சிரித்தார்.

எனக்கு இந்தப் பேச்சில் ஒரு சுயநலமும் இருந்தது. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற வாசகி ஒருவர் கேட்டிருந்தார். மகள் டிசைனிங் படிக்கப் போகிறாளாம். எந்த சாஃப்ட்வேர் நல்லது? ஒருத்தர் ஒன்றைச் சொன்னால் இன்னொருத்தர் அதைக் குப்பை என்கிறாராம். ஏன் இப்படி?

ஏன்தான் இப்படி? நானும் யோசித்திருக்கிறேன். நாம் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் முதல் வேலையில் பக்கத்து நாற்காலிக்காரர் எதை வைத்திருந்தாரோ, அதுதான் நமக்கு வாய்க்கிறது. சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமே! பிறகு கை பழகுகிறது. பழைய ஃபைல்கள் சேர்கின்றன. கடைசியில், உலகத்திலேயே இதுதான் உசத்தி என்று அடுத்தவனோடு சண்டைக்கு நிற்கிறோம். அச்சாபீஸில் வளர்ந்தவருக்கு கோரல்டிரா. போட்டோ ஸ்டுடியோவில் வளர்ந்தவருக்கு ஃபோட்டோஷாப். என்னைப் போல் எங்கேயும் வளராதவருக்கு மொபைல் ஆப்.

இதையெல்லாம் ஷமீமிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஏழுமலை உள்ளே வந்தார்.

ஏழுமலை உப்பு லோடு லாரி ஓட்டுகிறவர். உப்பளத்துப் பக்கம் போகிற வழியில் வீடு. எனக்கும் தெரிந்தவர்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கண் சிவந்திருந்தது.

“எம் மச்சான் போயிட்டாம்மா... சேகரு.”

“யா அல்லாஹ்! எப்படிண்ணே?”

“விடிகாலைல பைக்கில வந்திருக்கான். மாடு குறுக்க வந்துடுச்சு. ஆஸ்பத்திரிலேருந்து மதியத்துக்கு மேல குடுத்துடுவாங்க. சாயந்திரம் எடுக்கறோம். அதுக்குள்ள ஒரு பேனர் வேணும். கஸ்தூரி, ‘எந்தம்பி மூஞ்சி இல்லாம அவனை அனுப்பாத’ன்னு தலை தலையா அடிச்சிக்கிறா.”

கஸ்தூரி ஏழுமலையின் மனைவி. சேகர் அவருடைய ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர், கடலுக்குப் போகிறவர்.

ஏழுமலை ஓர் ஆதார் ஜெராக்ஸை மேஜைமேல் வைத்தார். வேறு படம் இல்லையாம். சேகருடைய போன் ரோட்டில் நொறுங்கிப் போயிருந்தது. வாட்ஸ்அப்பில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புலி உறுமிக்கொண்டிருந்தது. சிநேகிதர்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில் கூலிங் கிளாஸ், இன்னொன்றில் முதுகு.

ஆதார் படத்தில் நாம் யாராவது நம்மைப் போல இருக்கிறோமா? அதுவும் ஜெராக்ஸ். கறுப்பாக ஒரு கறை, அதில் இரண்டு கண்.

“இதைப் பெரிசு பண்ணா கட்டம் கட்டமாத்தான்ணே வரும்” என்றார் ஷமீம்.

நான் சும்மா இருப்பேனா? “ஏ.ஐ. இருக்கிற காலத்துல இது ஒரு விஷயமா!” என்று ஜெராக்ஸைப் போட்டோ எடுத்து என் போனில் ஓட்டினேன். ஆப் சுற்றியது, சுற்றியது. பளிச்சென்று ஒரு முகம் வந்தது. அழகான மீசை, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது.

ஏழுமலை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது யாரு சார்?”

போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

ஷமீம் மட்டும் கர்சரை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல நினைத்து, முழுங்கி, மறுபடி நினைப்பது தெரிந்தது. கடைசியில் சொல்லியேவிட்டார்.

“அண்ணே... பாப்பா காதுகுத்துக்குப் பேனர் அடிச்சீங்களே. அந்த ஃபைலு எங்கிட்ட இருக்குது.”

ஏழுமலை நிமிர்ந்தார். “அதுல அவன் இல்லியே. அவன் உன் கடைக்கு அனுப்பின போட்டோவ நான்தான தூக்கச் சொன்னேன்?”

“தூக்கல. மறைச்சு வெச்சேன்.”

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பேனரில் அப்பா அம்மாவை விடத் தாய்மாமனுக்குத்தான் பெரிய இடம். அந்தத் தலையைத் தூக்குவது சாதாரண அவமானம் இல்லை. மாமியார் வீட்டு மனையை விற்பதில் ஏழுமலைக்கும் சேகருக்கும் வாய்த்தகராறு. அந்த ஆத்திரத்தில் தூக்கச் சொல்லியிருக்கிறார்.

ஷமீம் ஃபைலைத் திறந்தார். அது திறக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே... நடுவில் பட்டுப்பாவாடையில் குழந்தை. சுற்றிலும் சொந்தக்காரர்களின் தலைகள். வலது பக்கம் மேலே ஒரு பெரிய மயில், தோகையை விரித்துக்கொண்டு. ஓரத்தில் லேயர்களின் பெயர்கள் வரிசையாக. பெரியப்பா, அத்தை, சித்தி... நடுவே, கண் மூடிய ஒரு லேயர்: தாய்மாமன்.

ஷமீம் தட்டினார்.

மயிலுக்கு மேல் சேகர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, காதுவரை சிரிப்பு. இதற்காகவே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட போட்டோ என்று பார்த்தாலே தெரிந்தது.

ஏழுமலை தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். “டேய்... டேய் சேகரு...” என்றார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நானும் ஷமீமும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இதையே போட்டுடட்டாண்ணே?”

ஏழுமலை வேண்டாமென்று தலையாட்டினார். துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். விஷயம் வேறு.

“போட்டா அவளுக்குத் தெரிஞ்சிடும்மா” என்றார் மெதுவாக. “உன் தம்பி போட்டோவே அனுப்பலன்னு சொல்லி வெச்சேன். ‘எம்புள்ள காதுகுத்துக்கு ஒரு போட்டோ அனுப்பாதவன் எனக்கு இன்னா தம்பி’ன்னு அன்னிக்குப் பேச்சை விட்டவதான். இன்னி வரைக்கும் அவங்கிட்ட பேசல.”

ஷமீமின் முகம் மாறிவிட்டது. “அவருக்கு உங்க மேல கோவமில்லண்ணே. அக்காதான் தூக்கச் சொல்லிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு, பேனரைப் பாத்ததும் மண்டபத்து வாசலோட திரும்பிட்டாரு. எங்கிட்ட வந்து, ‘எங்கக்காவா சொல்லிச்சு?’ன்னாரு. கஸ்டமர் விஷயம், எனக்குத் தெரியாதுன்னுட்டேன்.”

அக்கா தம்பியைக் கேட்கவில்லை. தம்பி அக்காவைக் கேட்கவில்லை. ரோஷம்! இரண்டு வீட்டுக்கும் நடுவே சைக்கிளில் போகிற தூரம்தான்.

ஆதார் ஜெராக்ஸ் மேஜைமேலேயே இருந்தது. ஏழுமலை அதை எடுத்துப் பார்த்தார். கறையாக இருந்தாலும் அதுவும் ஒரு முகம்தானே? வேறு படம் கிடைக்கவில்லை என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. வீட்டில் நிம்மதி. எனக்கே அந்த நினைப்பு வந்துபோனது, பொய் சொல்வானேன்.

ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதையே போடும்மா. கீழ என் பேரு வேணாம். அக்கா கஸ்தூரின்னு மட்டும் போடு.”

ஷமீமின் கை பறந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டே செய்தார். புது சாஃப்ட்வேராக இருந்தால் அன்றைக்கு அவருக்கு எந்தப் பட்டன் எங்கே என்றே தெரிந்திருக்காது. மனசு நம்மிடம் இல்லாத நேரத்திலும் கை செய்துவிடுகிறதே, அதற்காகத்தான் சிலர் சிலதை விடமாட்டேன் என்கிறார்களோ?

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் மொபைல் ஆப்பை நோண்டிப் பார்த்தேன். அதிலும் மறைத்து வைக்கிற வசதி இருக்கிறது! நான்தான் பார்த்ததே இல்லை. வேண்டாதது என்றால் குப்பைத்தொட்டியைத் தட்டித்தான் எனக்குப் பழக்கம். ஆக, சாஃப்ட்வேரைக் குறை சொல்லவும் வழியில்லை. நாம் எந்தச் சுபாவத்தோடு போய் உட்காருகிறோமோ, அதற்கு ஏற்றதைத்தான் அதில் கண்டுபிடிக்கிறோம்.

அதற்கு முன்னால், மதியமே பேனரைச் சுருட்டி என் காரிலேயே எடுத்துப் போனோம். முந்தின வார மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஏழுமலை முன்சீட்டில் பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சார்... அவ கேட்டா இன்னா சார் சொல்றது?”

வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் சவுக்குக் கம்பு நட்டுப் பேனரைக் கட்டினார்கள். உடம்பு இன்னும் வரவில்லை. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, கஸ்தூரி வெளியே வந்தார். அழுதுகொண்டே வந்தவர், பேனரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டார்.

“இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது” என்றார். “பாப்பா காதுகுத்துக்குப் போட்டுக்கடான்னு.”

சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

“இந்தப் போட்டோ எப்படி வந்துச்சு?”

ஏழுமலை கூட்டத்துக்கு முன்னால் வந்தார். தப்பித்துக்கொள்ள அப்போதும் வழி இருந்தது. சிநேகிதன் யாரோ கொடுத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

“அப்பவே அனுப்பினான். நான்தான் தூக்கச் சொன்னேன். உங்கிட்ட பொய் சொன்னேன்” என்றார்.

அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்தேன். கஸ்தூரி புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. பிடித்திருந்தவர்களின் கையை விலக்கிவிட்டுப் பேனரிடம் போனார்.

“அனுப்பியிருக்கியேடா...” என்றார். “நீ அனுப்பியிருக்கியேடா தம்பி!”

காரியமெல்லாம் முடிந்துவிட்டது. பேனரை மட்டும் கஸ்தூரி அவிழ்க்க விடவில்லை. வெயிலிலும் உப்புக்காற்றிலும் சட்டை எது, பின்னணி எது என்று தெரியாமல் வெளுத்துவிட்டதாம். இந்த வாரம் ஏழுமலை கடைப் பக்கம் லாரியை நிறுத்தியபோது, புதுசாக ஒன்று அடித்துத் தரட்டுமா என்று ஷமீம் கேட்டிருக்கிறார்.

“அவளைக் கேக்கணும்மா. எங்கிட்ட பேச ஆரம்பிச்சதும் கேட்டுச் சொல்றேன்.”