உழைக்கவும் இல்லை, உம்றாவுக்கும் இல்லை

சாய்ந்தமருதிலிருந்து ஒரு பெண் வெளிநாடு போகிறாள் என்றால் ஊருக்கு இரண்டு காரணங்கள்தான் தெரியும். உழைக்கப் போவாள், இல்லாவிட்டால் மக்காவுக்கு உம்றா செய்யப் போவாள். அதனால் கல்முனை பஸாரில் டிக்கட் போடும் கடையொன்றில் சிபானா பாஸ்போட்டை மேசையில் வைத்தபோது, அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"மெடிக்கல் எடுத்தாச்சா? சவூதியா, குவைத்தா?"

"மலேசியா. பினாங்கு. போக, வர ரெண்டுக்கும் டிக்கட் வேணும்."

"அங்க என்ன வேல?"

"வேல இல்ல. கராட்டி பழகப் போறன்."

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். கறுப்பு அபாயா, கையில் வேன் சாவி.

"ஓ, மகளைக் கூட்டிப் போறீங்களா?"

"இல்ல. நான்தான் பழகிற."

வேன் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்தே இப்படிப்பட்ட பார்வைகள் சிபானாவுக்குப் பழகிப்போயிருந்தன. கணவன் றஊப் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். அவர் அனுப்பிய காசில் வாங்கிய வேனுக்கு வைத்திருந்த டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலில் காத்துக் கிடக்கிறார்களே என்று லைசன்ஸ் எடுத்து அவளே ஓட்டத் தொடங்கினாள். கொஞ்ச நாள் ஊர் வாய் ஓயவில்லை. பிறகு, வேனில் இடமிருக்கிறதா என்று கேட்டு வீடு தேடி வந்தார்கள்.

கராத்தேயும் அந்த வேனால்தான் வந்தது. காரைதீவில் கஜேந்தினி என்ற விளையாட்டு ஆசிரியை பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினாள். சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளை சிபானா அங்கே கொண்டுபோய் விடுவாள். முதல் நாள் ஒரு சின்னப் பிள்ளை வேனை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. "நீங்களும் வந்தாத்தான் வருவன்" என்றது. சரி, இன்றைக்கு மட்டும் என்று சிபானா போய்க் கடைசி வரிசையில் நின்றாள். மற்றவர்கள் குத்தினால் குத்தினாள், உதைத்தால் அபாயா தடுக்கத் தடுக்க உதைத்தாள். வீடு வந்தபோது உடம்பெல்லாம் நோவு. ஆனால் அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது.

அந்தப் பிள்ளை சில மாதங்களில் நின்றுவிட்டது. சிபானா நிற்கவில்லை. தானே தைத்த நீளமான வெள்ளைச் சட்டையும் இறுக்கிச் சுற்றிய முக்காடுமாக, தன்னைவிட எவ்வளவோ இளைய கஜேந்தினியை "மிஸ்" என்று அழைத்துக்கொண்டு, பெல்ட் நிறம் மாற மாறப் பழகினாள்.

பினாங்குப் பேச்சை எடுத்தது கஜேந்தினிதான். அங்கே ஓகஸ்டில் பெண்களுக்கு மட்டும் இரண்டு வாரப் பயிற்சி முகாம். யப்பானிலிருந்து ஒரு ஆசிரியை வருகிறார்.

"நான் போறன் அக்கா. நீங்களும் வாங்களன். பள்ளிக்கூட லீவுதானே, வேனும் ஓடாது."

"நானா? நல்லாக் கதைக்கிறீங்க மிஸ்" என்று சிபானா சிரித்தாள். சிரித்துவிட்டு வேனில் ஏறினாள். வீடு வரும்வரை பினாங்கு மண்டையைக் குடைந்துகொண்டே வந்தது.

ஒரே வளவில் அடுத்த வீட்டில் இருக்கும் மூத்தவள் சுபைறா ராத்தாவிடம்தான் முதலில் சொன்னாள்.

"என்னகா, ஒனக்கு விசர் புடிச்சிரிக்கா? புரிசன் அங்கால வெயில்ல கெடந்து காயிறாரு. நீ ஒல்லாசமாப் பிளேன் ஏறப் போறியா?"

"சும்மாவா போறன் ராத்தா? படிக்கப் போறன்."

"இந்த வயசிலயா? ஆம்புளத் தொணயும் இல்லாம?"

அன்று அஸர் தொழுதுவிட்டு றஊப்புக்குப் போன் எடுத்தாள். முகாம் கதையை ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே கேட்டாள்.

"கோவமா?"

"இல்ல. யோசிக்கன். ரெண்டு நாள் தா."

இரண்டு நாள் கழித்து அவரே எடுத்தார்.

"இந்த முற லீவுக்கு நான் ஊருக்கு வரல்ல சிபானா."

"ஏன்? நான் போகல்ல, விடுங்க. நீங்க வாங்க."

"சொல்றதக் கேளு. ஒவ்வொரு லீவுக்கும் வந்து என்ன செஞ்ச? ஒரு வருசம் கூர மாத்தின, ஒரு வருசம் கிணறு இறைச்ச, மத்த வருசமெல்லாம் கலியாணச் சாப்பாடு. நீயும் நானும் ஒரு இடம் போயிரிக்கமா? லீவ ஓகஸ்டுக்கு மாத்திட்டன். நேரா பினாங்குக்கு வாறன். நீ பழகு. நான் ஊர் சுத்திப் பாக்கன்."

சிபானா போனைக் காதிலிருந்து எடுத்து முன்றானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்றை அவள் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முகாமில் சேர மண்ணிற பெல்ட் வேண்டும். அவளிடம் இருந்தது அதற்குக் கீழே உள்ளது.

மட்டக்களப்பில் நடந்த தரப் பரீட்சைக்குப் போனாள். அடவு வரிசைகளைப் பிழையில்லாமல் செய்தாள். பிறகு சண்டை. எதிரில் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை. சிபானாவின் முதல் குத்தே சரியாக நெஞ்சில் விழுந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்ததைக் கண்டதும் சிபானா இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டாள்.

"பட்டிட்டா மகள்? நொந்திச்சா?"

அந்த மகள் விட்ட உதையில் சிபானா பாயில் மல்லாந்து கிடந்தாள். மண்டபம் சிரித்தது. பரீட்சகரும் சிரித்தார். ஆனால் பெல்ட் கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போது கஜேந்தினிக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா செய்தீங்க? சண்டைக்கு நடுவுல சுகம் விசாரிக்கிறதா?"

"புள்ளக்கி நொந்திரிச்சே மிஸ்."

"அவ நோவுக்குத் தயாராத்தான் வந்து நிக்கிறா. நீங்க கையை இறக்கினா, உன்னோட சண்டை பிடிக்க ஒண்டுமில்ல எண்டு சொல்ற மாதிரி. அது மரியாதை இல்லக்கா."

அந்தச் சொல் சிபானாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த பரீட்சைக்கு முகாமுக்கு முன்பே தேதி இருந்தது. அதில் தவறினால் பினாங்கு இல்லை. றஊப் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். சிபானா முழுசாக ஒருநாள் யோசித்தாள். பிறகு சீட்டுப் பிடித்து எடுத்த காசோடு கல்முனை பஸாரில் அந்தக் கடைக்குப் போய் டிக்கட்டை வாங்கினாள். பெல்ட் இல்லாமலே வாங்கினாள்.

அதன் பிறகு காரைதீவு வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. பெரிய பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எதிரில் வந்தார்கள். குத்து விழும்போது "அல்லாஹ்" என்றுகூடச் சொல்லாமல் பல்லைக் கடித்தாள். தானும் கொடுத்தாள். முடிந்த பிறகுதான் கட்டிப் பிடித்து முதுகைத் தடவி விடுவாள்.

இரண்டாம் முறை மட்டக்களப்பில் எதிரில் நின்றது வேறொரு பெண். நல்ல உயரம், கால் நீளம். சிபானா கையை இறக்கவே இல்லை. ஒரு உதை விலாவில் விழுந்தது. அதே மூச்சில் உள்ளே புகுந்து வயிற்றிலும் நெஞ்சிலுமாக இரண்டு கொடுத்தாள். நிறுத்தச் சொன்னதும்தான் நிறுத்தினாள். பரீட்சகர் அவள் கையில் மண்ணிற பெல்ட்டைக் கொடுத்தபோது கஜேந்தினி விசிலடித்தாள். ஆசிரியைகள் விசிலடிப்பது அந்த மண்டபத்தில் வழக்கமில்லை.

ஓகஸ்டில் இரு பெண்களும் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டார்கள். முந்திய நாளே பினாங்குக்கு வந்துவிட்ட றஊப் விமான நிலையத்தில் நின்றார், புதுச் சேட்டும் தலைக்கு ஒரு வெயில் தொப்பியுமாக. சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவோமோ என்று சிபானா மாசிச் சம்பலும் அரிசி மாவும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். றஊப் சிரித்தார். "இங்க தெருவுக்குத் தெரு ஹலால் கட. தமிழ்லயே கதைச்சி முட்டைக்கறி வாங்கிச் சாப்பிட்டன்."

முதல் நாள் காலை மண்டபத்தில் வட்டமாக நின்றார்கள். பல நாட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் பேர், ஊர், தொழில் சொல்ல வேண்டும். நரைத்த குட்டை முடியுடன் யப்பானிய ஆசிரியை ஒவ்வொருவர் முன்னும் வந்து நின்று கேட்டார். சிபானாவுக்குப் பக்கத்தில் நின்ற கஜேந்தினி, "நான் சொல்லட்டாக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேணாம். நானே சொல்றன்."

வேனில் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஆங்கிலம்தான். பேர் சிபானா. ஊர் சாய்ந்தமருது, கல்முனைக்குப் பக்கம், இலங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். கடைசிச் சொல்லோடு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியும் காட்டினாள். ஆசிரியை அந்தக் கைகளைப் பார்த்தார். ஒன்றைப் பிடித்துத் திருப்பி, குத்திக் குத்திக் காய்த்திருந்த விரல் மொளியைத் தடவிப் பார்த்தார். தலையசைத்தார்.

"முன் வரிசை" என்று கை காட்டினார்.

சிபானா பெல்ட்டை ஒருமுறை இறுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.