மாத்திரை சாப்பிட்டாச்சா?

பட்டன் போனுக்கு ஆப் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுதியது ஓடாவிட்டால் எரிச்சல்தான் வரும், ஓடிவிட்டால்தான் பயம் வரும். பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வகுப்பில்லாத மதியங்களில் நான் எழுதியது 'மாத்திரை மணி'. வைத்த நேரத்துக்குப் போனே வாய் திறந்து, "மாத்திரை சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். குரல் என்னுடையது. வேறு யாரும் பேச ஒத்துக்கொள்ளவில்லை. கீழ்த்தளத்தில் செல்போன் கடை வைத்திருந்த காதர் பாய், கேட்டவர்களுக்கெல்லாம் அதை ப்ளூடூத்தில் இலவசமாக ஏற்றிவிட்டார்.

நாலு சீட் முன்னால்

அரியலூர் போகிற பஸ்ஸில் ஒருநாள் என் குரல் எனக்கே கேட்டது. நான் வாயே திறக்கவில்லை. நாலு சீட் முன்னால் இருந்த பெண் ஒருவர் பையிலிருந்து போனை எடுத்து, "போட்டுக்கறேன்டி, கத்தாத" என்று அதனிடம் சொல்லிவிட்டு ஒரு மாத்திரையை விழுங்கினார்.

பெருமை தாங்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெயர் செல்வி. செந்துறையில் தையல்கடை வைத்திருக்கிறார், சர்க்கரை வியாதி. "அக்கா, அந்தக் குரல் நான்தான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இல்லம்மா, இது என் தங்கச்சி குரலு. அவ போயி ரெண்டு வருசம் ஆவுது."

பாடாலூர்க்காரர் கொண்டுவந்த புகார்

அடுத்த வாரம் காதர் பாய் என்னைக் கீழே கூப்பிட்டார். பாடாலூரில் டீக்கடை நடத்தும் ராஜேந்திரன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் தள்ளி நின்றார். ஆப் கூடுதலாகப் பேசுகிறதாம். போனைக் குடைந்து பார்த்தேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஒலிப்பதிவு, என்னுடைய அந்த இரண்டு சொற்கள் மட்டும். மூன்று முறை ஓட்டிக் காட்டினேன். மூன்று முறையும் அதையேதான் கேட்டது. காதர் பாய் சிரித்தார். ராஜேந்திரன் சிரிக்கவில்லை.

"நேத்து 'சாப்ட்டாச்சு'ன்னு சும்மா சொன்னேன் மேடம். 'பொய் சொல்லாத'ன்னுச்சு. நெசமாவே நான் சாப்பிடலைங்க."

பேட்டரி

ஒரு மாதம் கழித்து செல்வி அக்காவின் மகள் கவிதா என்னைத் தேடிக் காதர் பாய் கடைக்கே வந்து நின்றாள். அம்மா மயங்கி விழுந்து, அரியலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். ஒரே பகலில் நாலு சர்க்கரை மாத்திரை. "போன் கேட்டுச்சு, போட்டேன்னு சொல்றாங்க" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால், அன்றைக்குக் கேட்டாகிவிட்டது என்பதை என் ஆப் மறந்துவிடும். திரும்பவும் கேட்கும். ஓர் உயிர் போயிருக்கும், என் குரலால்.

கவிதாவோடு அப்போதே பஸ் ஏறினேன். அக்கா கண் விழித்து, கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கி ஆப்பை அழித்தேன். அவர் தடுக்கவில்லை, முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "மன்னிச்சிருங்கக்கா, பேட்டரியைக் கழட்டி மாட்டுனா மறுபடியும் கேக்கும்னு நான் யோசிக்கவே இல்ல" என்றேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் கழட்டிக் கழட்டி மாட்டுனேன்."

இப்போது நான் எழுதுகிற ஆப்கள் எல்லாம் 'பீப்' என்று மட்டும்தான் கத்தும். அந்தச் சத்தத்தை யாரும் சொந்தம் கொண்டாட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் பிழைப்பு ஓடுகிறது.